சித்தாபுரா நர்சரிகள்ல தரையோட படர்ற செடிங்க: எதுக்கு காசு குடுக்கலாம், எதை விட்டுடலாம்

மொதல்லயே தீர்ப்பைச் சொல்லிடறேன், நேரம் இல்லாதவங்க இந்த பாராவோட நிறுத்திக்கலாம். பெங்களூருல தண்ணி கம்மியா செலவாகணும், வருஷம் முழுக்க பச்சையா இருக்கணும், தரையோட படரணும்னா வெயில் படற இடத்துக்கு பொடுதலை, சரிவுக்கும் சுவர் ஓரத்துக்கும் ஊதா லன்டானா, அரை நிழலுக்கு நிலக்கடலை குடும்பத்து பின்டோய். இந்த மூணும் லால்பாக் பக்கத்துல சித்தாபுரா நர்சரி வரிசைல தேடினா கிடைக்குது. ரோட்டோரம் எல்லாம் மஞ்சள் பூவோட படர்ந்திருக்கற வெடேலியாவை சும்மா குடுத்தாக்கூட வாங்காதீங்க. ஜூனிபர் நம்ம ஊருக்கு வேண்டாம். அந்த வரிசைக்கு என்னோட மார்க் 5க்கு 4, மிச்ச ஒரு மார்க் ஏன் போச்சுன்னு கீழ விவரமா சொல்றேன்.

எங்க வீடு ஜே.பி. நகர்ல. முன்னாடி கார் நிக்கற இடத்தை விட்டா சுமார் 150 சதுர அடி மண்ணு, அதுல பாதி முழு வெயில், பாதி பக்கத்து வீட்டு மாமரத்து நிழல், தெருப்பக்கம் லேசா சரிவு. வீட்டை வாங்கும்போதே அங்க மெக்சிகன் புல் இருந்துச்சு. புல்லுக்கு எவ்ளோ தண்ணி போகுதுன்னு பொதுவா யாரும் கணக்கு போடறதில்ல, போட்டுப் பாத்தா பகீர்னு இருக்கும். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு தண்ணின்னா அது 1 லிட்டர். பெங்களூரு மார்ச் ஏப்ரல் வெயில்ல புல்லு பச்சையாவே இருக்கணும்னா நாளைக்கு கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் கேக்கும். 150 சதுர அடிங்கறது 14 சதுர மீட்டர், அப்ப நாளைக்கு 70 லிட்டர், மாசத்துக்கு 2,100 லிட்டர். இது ஒரு சின்ன வீட்டு வாசலுக்கு மட்டும், அபார்ட்மென்ட் காரங்க அவங்க முன்னாடி இருக்கற புல்தரையை வெச்சு நீங்களே பெருக்கிப் பாத்துக்கோங்க.

அந்தத் தண்ணி சும்மா வரல. காவிரித் தண்ணி தொரெகாடனஹள்ளி பம்பிங் ஸ்டேஷன்லேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரம் பம்ப் பண்ணி ஏத்தித்தான் நம்ம குழாய்க்கு வருது. 2023ல மழை பொய்ச்சு கர்நாடகால 236 தாலுகால 223ஐ வறட்சின்னு அறிவிச்சாங்க, அடுத்த மார்ச்ல போர்வெல் எல்லாம் வத்திப் போய் டேங்கருக்கு அடிதடி, அப்பதான் குடிநீர் வாரியம் குடிக்கற தண்ணியைத் தோட்டத்துக்கும் கார் கழுவறதுக்கும் ஊத்தினா 5,000 ரூபா அபராதம்னு உத்தரவு போட்டுச்சு. 2024 அக்டோபர்ல காவிரி குடிநீர்த் திட்டத்தோட 5ம் கட்டம் தொடங்கி நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலா கொண்டு வர ஏற்பாடு ஆச்சு, ஆனாலும் 2025 பிப்ரவரில அதே தடை, அதே 5,000 ரூபா திரும்ப வந்துச்சு. அதனால இந்த ஊர்ல தோட்டம் வெக்கறவங்க குழாய்த் தண்ணியே இல்லைன்னு நெனச்சுத்தான் செடியைத் தேர்ந்தெடுக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. மழைத்தண்ணி, வாஷிங் மிஷின்ல கடைசியா அலசற தண்ணி, ஆர்.ஓ. மிஷின் வெளிய தள்ற தண்ணி, இதுல வாழற செடிதான் நமக்குச் செடி.

சரி, இடத்துக்கு வருவோம். லால்பாக்கை ஒட்டி சித்தாபுரா பக்கம் ரோட்டோரமா நர்சரிங்க வரிசையா இருக்கு, ஒரு கடை எங்க முடியுது அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. லால்பாக் உள்ளயே நர்சரிமென் கூட்டுறவுச் சங்கத்தோட விற்பனை இடமும் இருக்கு, நான் முதல்ல அங்க ஒரு சுத்து சுத்தி விலையையும் செடியோட முகத்தையும் பாத்துட்டுத்தான் வெளிய வருவேன், நீங்களும் அப்படிச் செய்யுங்க. ஹைதர் அலி 1760ல ஆரம்பிச்ச தோட்டம் அது, தோட்டவேலையைப் பரம்பரையாப் பாக்கற திகளர் சமூகத்துக்கும் லால்பாக்குக்கும் பழைய உறவு, அவங்க பேச்சுல தமிழ் வேர் இருக்கு, இன்னிக்கும் அந்த வரிசைல தமிழ்ல பேசினா பாதி கடைல தமிழ்லயே பதில் வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துலேர்ந்து வந்து வேலை செய்யறவங்களும் உண்டு. கன்னடம் சரளமா வராத நம்மாளுங்களுக்கு இது பெரிய நிம்மதி, ஏன்னா செடி விஷயத்துல நுணுக்கமா கேக்க வேண்டியது நிறைய இருக்கு. குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டி லால்பாக்ல மலர்க்கண்காட்சி நடக்கற நாட்கள்ல மட்டும் அந்தப் பக்கம் செடி வாங்கப் போகாதீங்க, கூட்டத்துல யாருக்கும் உங்ககிட்ட பேச நேரம் இருக்காது, வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது.

இப்ப அந்த ஒரு மார்க். எந்தச் செடியைக் காட்டினாலும் "ஃபுல் சன் அக்கா, தண்ணி கம்மி போதும்" இதுதான் பதில். பாதி வாடின வல்லாரையைக் காட்டி கேட்டேன், அதுக்கும் அதே பதில், வல்லாரைக்கு ஈரம் இல்லாட்டி ஒரு வாரம் தாங்காது. இதுக்குக் காரணம் கடைக்காரங்களோட கெட்ட எண்ணம்னு நான் சொல்ல மாட்டேன், வாங்கறவங்க எல்லாரும் அந்த ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க, அவங்களும் ஒரே பதிலைப் பழகிட்டாங்க. அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க. "இந்தச் செடி நிழல்வலைக்குள்ள இருந்துச்சா, வெளில இருந்துச்சா?" "தினமும் எத்தனை தடவை தண்ணி காட்டறீங்க?" "இதோட தாய்ச்செடி இங்க தரைல எங்கயாவது இருக்கா, காட்டுங்க." இந்த மூணாவது கேள்விதான் முக்கியம். தரைல வளர்ந்த செடி ஒண்ணு அந்த நர்சரி ஓரத்துல எங்கயாவது, வேலி அடில, குழாய் பக்கத்துல கண்டிப்பா இருக்கும், அதைப் பாத்தா உங்க வீட்ல அது ரெண்டு வருஷத்துல எப்படி ஆகும்னு தெரிஞ்சுடும். கவர்ல இருக்கற சின்னச் செடி எல்லாம் பாக்க ஒரே மாதிரி அழகாத்தான் இருக்கும்.

பேர் விஷயமும் மோசம். அட்டை கிடையாது, இருந்தாலும் தப்பு. ஒரு கடைல வெடேலியாவை "மஞ்சள் கரிசலாங்கண்ணி, மூலிகை"ன்னு குடுத்தாங்க, பூவோட சைஸைப் பாத்து நான் வேண்டாம்னுட்டேன். நம்ம மஞ்சள் கரிசலாங்கண்ணி பூ சின்னது, இலையும் ஒல்லியா நீளமா இருக்கும், வெடேலியா இலைல ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி மடல் வெச்சிருக்கும். இன்னொரு கடைல நான் நின்னு பொறுக்கின செடி ஒண்ணு, வண்டில வீட்டுக்கு வந்தது ஒண்ணு, அளவுலயும் சின்னது, பாதில மாவுப்பூச்சி, ஃபோன் பண்ணினா எடுக்கல. அதனால டெலிவரிக்கு விடாதீங்க, தரையோட படர்ற செடி எல்லாம் குட்டிக் கவர்ல வரது, நாப்பது அம்பது செடி ஒரு ஆட்டோல தாராளமா வரும், கூடவே உக்காந்து வந்துடுங்க.

வாங்கும்போது இலையைப் பாக்காதீங்க, தண்டைப் பாருங்க. தரையோட படர்ற செடில நல்லதுக்கு அடையாளம், கணுவுக்குக் கணு வேர் விடறது. கவர் ஓரத்துல தொங்கற தண்டைத் தூக்கிப் பாத்தா கணுல வெள்ளையா முளை மாதிரி வேர் எட்டிப் பாக்கணும். லன்டானா, ரோஸ்மேரி மாதிரி புதர் வகைக்கு இது அவ்வளவா பொருந்தாது, மத்ததுக்கு எல்லாம் பொருந்தும். பெரிய தொட்டில புசுபுசுன்னு இருக்கற ஒண்ணை 200 ரூபா குடுத்து வாங்கறதை விட அதே காசுக்கு குட்டிக் கவர் பத்து வாங்கறது எப்பவும் லாபம், குட்டிச் செடியோட வேர் உங்க மண்ணுலயே வளரும், தொட்டில சுருண்டு பழகின வேர் வெளிய வரவே யோசிக்கும்.

பொடுதலை பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இதை எந்தக் கடையும் முன்னாடி எடுத்து வெக்கறதில்ல. எங்க அம்மாவுக்கு திருவண்ணாமலை பக்கம், அவங்க ஊர்ல வயல் வரப்புலயும் ஏரிக்கரைலயும் தானா கிடக்கற செடி, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சறதுக்குப் பறிப்பாங்க. அதை நர்சரில காசு குடுத்து வாங்கறேன்னதும் அம்மாவுக்கு நம்ப முடியல. ஆனா பாருங்க, இதே செடியோட ஒரு ரகத்தை ஜப்பான்ல தேர்ந்தெடுத்து உருவாக்கி குராப்பியான்னு பேர் வெச்சு கலிஃபோர்னியால புல்தரைக்குப் பதிலா விக்கறாங்க, அங்கயும் தண்ணிப் பஞ்சம்தான் காரணம். நாம அந்த ரகத்தை தேடி அலைய வேண்டியதே இல்ல, நம்ம மண்ணோட செடி நம்ம ஏரிக்கரைலயே இருக்கு.

ரெண்டு மூணு அங்குலத்துக்கு மேல உயராது, தண்டு தரையோட ஓடி ஒவ்வொரு கணுவுலயும் வேர் பிடிச்சுக்கும், ஒரு மழைக்காலத்துல மண்ணு கண்ணுல படாத அளவுக்கு மூடிடும். இலை சின்னதா, ஓரத்துல பல் வெச்சு, தடிப்பா இருக்கும். பூ வெள்ளையும் லேசான ஊதாவும் கலந்து தீக்குச்சி முனை அளவுல நிக்கும், குட்டித் தேனீயும் பட்டாம்பூச்சியும் காலைலேர்ந்து அதுல மொய்ச்சுட்டே இருக்கும், புல்லு இருந்த வரைக்கும் எங்க வாசல்ல இதெல்லாம் நான் பாத்ததே இல்ல. உப்புத் தண்ணியையும் தாங்கும், அதனால ஆர்.ஓ. தள்ற தண்ணிக்கு இதை விட்டா வேற நல்ல செடி எனக்குத் தெரியல. நடந்தாலும் தாங்கும், தினமும் பந்து விளையாடினா தாங்காது. வருஷத்துக்கு ரெண்டு தடவை கத்திரியால மேலாப்புல வெட்டி விட்டா போதும், மிஷின் வேண்டாம்.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். மாமர நிழல் விழற இடத்துல தண்டு நீண்டு நீண்டு மண்ணு தெரியுது, இதுக்கு வெயில் வேணும். கோடைல தண்ணியே காட்டாம விட்டா செத்துப் போகாது, ஆனா இலை சிறுத்து செம்பட்டை அடிச்சு நிக்கும், முதல் மழைக்குத் திரும்ப வந்துடும். பக்கத்து பாத்திக்குள்ள நுழையும், ஓரத்துல ஒரு வரிசை கல்லு பதிச்சு மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கற தண்டைக் கிள்ளணும். வெறுங்காலோட ஓடற குழந்தைங்க வீட்ல இருந்தா பூ நிறைய இருக்கற சமயத்துல கத்திரி போட்டுடுங்க, தேனீ காலடில மாட்டினா கொட்டும். பாம்பு வருமான்னு எங்க தெருவுல எல்லாரும் கேட்டாங்க, இவ்ளோ தாழ்வா இருக்கறதுல ஒரு ஓணான் ஒளியக்கூட இடம் இல்ல. முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து நிக்கற செடிக்குத்தான் அந்த பயம் நியாயம், எலி வரும், எலி பின்னாடி மத்தது வரும்.

கடைல கேக்கும்போது பொடுதலைன்னே கேளுங்க, வயசான தோட்டக்காரங்களுக்குத் தெரியும். முன் வரிசைல இருக்காது, மூலிகைச் செடிங்க இருக்கற மூலைல துளசி, கற்பூரவல்லி பக்கத்துல ரெண்டு மூணு கவர் கிடக்கும், மொத்தமா வேணும்னா சொல்லி வெச்சா பதியம் போட்டுத் தருவாங்க. எனக்கு கவர் 15 ரூபாவுக்குக் குடுத்தாங்க. சதுர அடிக்கு ஒரு செடின்னு கணக்கு வெச்சா 75 சதுர அடிக்கு 1,125 ரூபா. அவ்ளோ கூட செலவு பண்ண வேண்டாம், பத்து கவர் வாங்கி கணுவோட துண்டு துண்டா வெட்டி ஈரமண்ணுல படுக்க வெச்சா அதுவே பெருகிடும்.

அடுத்து ஊதா லன்டானா. லன்டானான்னதும் பந்திப்பூர் காட்டையே மூடி வெச்சிருக்கற உண்ணிச்செடி ஞாபகம் வந்து பயப்படுவீங்க, பயப்பட வேண்டியதுதான், ஆங்கிலேயர் காலத்துல அலங்காரத்துக்குன்னு வந்த செடி இன்னிக்கு மான் மேயற புல்லையே முளைக்க விடாம பண்ணிடுச்சு. இது அதோட இன்னொரு இனம், தென் அமெரிக்காவோடது, நிமிர்ந்து நிக்காம படரும், பூ ஊதா மட்டும். ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ் கலந்த பூ எதையும் வாங்காதீங்க. எங்க வாசல் சரிவுல மழைக்கு மண்ணு தெருவுக்கு ஓடிட்டு இருந்துச்சு, இதை ஒன்றரை அடிக்கு ஒண்ணா நட்டதும் நின்னுடுச்சு. வேர் பிடிச்ச அப்புறம் கோடைலயும் வாரம் ஒரு தடவை தண்ணி தாராளம். இலை சொரசொரன்னு இருக்கும், கசக்கினா வாசனை தூக்கலா இருக்கும், ஆடு மாடு வாய் வெக்காது. காடு பக்கத்துல, பண்ணை வீடு, கனகபுரா ரோடு தாண்டி அந்தப் பக்கம் இருக்கறவங்க மட்டும் இதையும் தவிர்த்துடுங்க, நகரத்துக்குள்ள நாலு பக்கமும் சிமெண்ட் இருக்கற வாசலுக்குத்தான் நான் சிபாரிசு பண்றேன்.

மாமர நிழலுக்கு பின்டோய். நிலக்கடலை குடும்பம், பிரேசில்லேர்ந்து வந்தது, இலையும் நம்ம கடலைச்செடி மாதிரியே இருக்கும், மஞ்சள் பூ, ராத்திரி ஆனா இலையை மடிச்சுக்கும். வேர் முடிச்சுல காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு மண்ணுல சேக்கறதால உரம் கேக்காது, கேரளாலயும் கடலோரக் கர்நாடகாலயும் தென்னை, பாக்குத் தோப்புக்கு அடில இதைப் போடறாங்க. பொடுதலை அளவுக்கு வறட்சி தாங்காது, ஏப்ரல்ல வாரம் ரெண்டு தடவை பக்கெட் தண்ணி ஊத்தணும், இல்லன்னா ஓரம் கருகும். அரை நிழல்ங்கறதால அந்தத் தண்ணியே நிறைய நாள் நிக்குது, அதனால மொத்தக் கணக்குல எனக்கு இது ஏத்துக்கக்கூடியதுதான்.

மத்ததைச் சீக்கிரமா சொல்லிடறேன். பேபி சன்ரோஸ், தென் ஆப்பிரிக்காச் செடி, தடிச்ச இதய வடிவ இலை, குட்டி சிவப்புப் பூ, வெயிலுக்கு அசராது ஆனா செப்டம்பர் அக்டோபர் மழைல தண்ணி தேங்கினா அழுகிடும், மேடான இடம், கல்லு இடுக்கு இருந்தா மட்டும் வாங்குங்க. நீலப்பூ எவால்வுலஸ், நம்ம விஷ்ணுகிராந்திக்கு உறவு, காலைல பூத்து மதியத்துக்கு மேல மூடிக்கும், அழகு, ஆனா ஒரு வருஷம் போனா நடுவுல குச்சி தட்டிடும், வெட்டி விடற பொறுமை வேணும். பர்ப்பிள் ஹார்ட் எங்க போட்டாலும் வரும், அதோட சாறு சில பேருக்கும் நாய்க்கும் அரிப்பு குடுக்கும், வீட்ல நாய் இருந்தா வேண்டாம். படர்ற ரோஸ்மேரி வெயிலும் நல்ல வடிகாலும் இருந்தா சுவர் மேலேர்ந்து அருமையா தொங்கும், சமையலுக்கும் ஆகும், விலைதான் கொஞ்சம் அதிகம்.

வெடேலியா. பெங்களூருல ரோடு நடுவுல, ஃப்ளைஓவர் தூணுக்கு அடில, ஆபீஸ் பார்க் வாசல்ல எங்க பாத்தாலும் மஞ்சள் பூவோட பளபளன்னு இருக்கே அதுதான். சித்தாபுரால முன் வரிசைல இருக்கறதும் அதுதான், விலையும் குறைவு. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போட்டிருக்கற உலகத்தோட 100 மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியல்ல இது இருக்கு. மெக்சிகோ, கரீபியன் பக்கத்துச் செடி, இங்க வந்து கால்வாய், ஏரி ஓரம்னு ஈரம் இருக்கற இடத்துல எல்லாம் நுழைஞ்சு வேற எதையும் வர விடாது. கிள்ளிப் போட்ட துண்டு குப்பைல விழுந்தாலும் அங்கயே வேர் விடும், நீங்க வாசலோட வெச்சுக்கலாம்னு நெனச்சாலும் மழைத்தண்ணி அதை ராஜகால்வாய்ங்கற பெரிய மழைநீர்க் கால்வாய்க்கு கொண்டு போய்டும், அங்கேர்ந்து ஏரிக்கு. இவ்ளோ கெடுதலுக்கு அப்புறமும் அது தண்ணி மிச்சப்படுத்தற செடியா கூட இல்ல, மதிய வெயில்ல ஈரம் இல்லன்னா மொதல்ல தலை தொங்கறது இதுதான். அபார்ட்மென்ட் கமிட்டில இருக்கறவங்க தயவு செஞ்சு இதை உங்க கான்ட்ராக்டர்கிட்ட எழுத்துலயே சொல்லிடுங்க, வேண்டாம்னு.

ஜூனிபர் ஏன் வேண்டாம்னா, வெளிநாட்டுத் தோட்டப் படங்கள்ல தரையோட படர்ந்து நீலப்பச்சைல இருக்கறதைப் பாத்து நிறைய பேர் கேக்கறாங்க, கடைலயும் ஒரு தொட்டி 300, 400ன்னு வெச்சிருக்காங்க. வட அமெரிக்காவோட குளிர் ஊர்ச் செடி அது, பனியைத் தாங்கறதுக்குன்னே ஆனது, அங்க அது தங்கம். இங்க வளர்ச்சி ஆமை வேகம், காத்து காஞ்ச மார்ச் மாசத்துல செஞ்சிலந்திப் பூச்சி ஏறி உள்பக்கம் எல்லாம் பழுப்பாயிடும், ஒரு தடவை பழுத்த கிளை திரும்பப் பச்சையாகாது. 150 சதுர அடியை அதை வெச்சு மூடணும்னா ஆகற காசும் காலமும் யோசிச்சுப் பாருங்க.

நர்சரிக்காரங்க சில பேர் தோட்டம் போட்டுத் தர வேலையும் செய்யறாங்க. நான் விசாரிச்ச இடத்துல பழைய மண்ணை எல்லாம் எடுத்துட்டு புது செம்மண், கோகோபீட், எரு கலந்து அரை அடிக்கு நிரப்பி மேல செடி வெக்கணும்னு பெரிய தொகையா சொன்னாங்க. இந்தச் செடிங்களுக்கு அது தேவையே இல்ல. பெங்களூரு செம்மண்ணு தண்ணியை நல்லா உள்ள வாங்கும், கட்டட வேலைல இறுகிப் போயிருந்தா ஒரு அடி ஆழம் கொத்தி விட்டு மேலாப்புல கொஞ்சம் மக்கின எரு போட்டா போதும். எரு அதிகம் ஆனா இலை மெத்துனு வளர்ந்து தண்ணி அதிகம் கேக்கும், இது பல பேர் கவனிக்காத விஷயம். காசை ஆளுக்குச் செலவு பண்ணுங்க, புல்லை வேரோட எடுக்கறதுதான் உண்மையான வேலை, அருகம்புல் கலந்திருந்தா அதோட கிழங்கு மாதிரி ஓடற வேரை விட்டா செடிக்கு நடுவுல திரும்ப எட்டிப் பாக்கும். எங்களுக்கு அந்த வரிசைலயே ஒரு பெரியவர் ஆள் அனுப்பினார், ரெண்டு பேரும் நேர்த்தியா எடுத்துக் குடுத்தாங்க, வேர் மண்ணை உதறி அங்கயே போட்டாங்க, அந்தப் பெரியவருக்கே தனியா 5 மார்க் குடுக்கலாம்.

நடறதுக்கு நேரம் முக்கியம். மே மாசம் மாம்பழ மழை ரெண்டு மூணு விழுந்து மண்ணு இளகினதும் கொத்தி வெச்சுட்டு ஜூன்ல நடுங்க. பெங்களூருக்கு வருஷத்துக்கு சுமார் 970 மில்லிமீட்டர் மழை, அதுல செப்டம்பர் அக்டோபர்தான் உச்சம், அதுக்குள்ள வேர் ஆழமா போய்டும், நீங்க தண்ணி ஊத்தற நாளே சொற்பம். ஜனவரி மலர்க்கண்காட்சி பாத்த உற்சாகத்துல பிப்ரவரில வாங்கி நடறவங்க, அந்தச் செடியை உயிரோட வெக்கறதுக்கே மே வரைக்கும் மிச்சப்படுத்தணும்னு நெனச்ச தண்ணியை எல்லாம் ஊத்த வேண்டி வரும். "தண்ணி கம்மி" செடிங்கறது எல்லாமே வேர் பிடிச்ச அப்புறம்தான், முதல் ஒரு பருவம் அதுக்கும் தண்ணி வேணும், கடைல யாரும் இதைச் சொல்றதில்ல. தினமும் மேலாப்புல தெளிக்காதீங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை நின்னு நிதானமா அரை அடி ஆழம் நனையற மாதிரி ஊத்துங்க, வேர் தண்ணியைத் தேடிக் கீழ போகும். செடிக்கு நடுவுல இருக்கற வெத்து மண்ணை ரெண்டு அங்குலம் காஞ்ச இலையால மூடுங்க. தெருவுல மழைமரம், குல்மொஹர் இலை கூட்டிக் குமிச்சு கொளுத்தறாங்களே, அந்த இலையைக் கேட்டு வாங்கிக்கோங்க, கொடுக்கறவங்களுக்கும் சந்தோஷம், புகையும் மிச்சம்.

வாஷிங் மிஷின் தண்ணில முதல் சோப்புத் தண்ணியை விட்டுட்டு கடைசி அலசல் தண்ணியை மட்டும் பிடிங்க. ஆர்.ஓ. தண்ணியை பொடுதலைக்கு மட்டும் ஊத்துங்க, பின்டோய்க்கு வேண்டாம், உப்பு ஏறி இலை நுனி கருகுது. மழைக்காலத்துல அந்த உப்பு கொஞ்சம் கொஞ்சமா கழுவிப் போய்டும்.

இப்ப எங்க வாசலுக்கு கோடைல வாரத்துக்கு ஏழெட்டு பக்கெட் போகுது, எல்லாமே வீட்ல ஒரு தடவை பயன்பட்டு முடிஞ்ச தண்ணி. பொடுதலை வேணும்னு கேக்கறவங்க வார நாள்ல காலை 10 மணிக்கு முன்னாடி சித்தாபுரா போங்க, வெயில் ஏறினா எல்லாச் செடியும் ஒரே மாதிரி வாடித்தான் தெரியும், எது நிஜமாவே தெம்பா இருக்குன்னு காலைல பாத்தாதான் பிடிபடும். கோணிப்பை ரெண்டு கொண்டு போங்க, கவரைத் திருப்பிக் குடுத்தா வாங்கிக்கற கடை ஒண்ணு ரெண்டு இருக்கு, கேட்டுப் பாருங்க. ஜூன்ல நட்டவங்க அக்டோபர்ல எப்படி இருக்குன்னு சொல்லுங்க, எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் போர்வெல் தண்ணி மட்டுமே நம்பி இருக்கறவங்க வீட்ல இது எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப ஆசை.